மேன் பக்கத்தைப் படிக்கும் முறை: கட்டளை வரிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கட்டளை வரியில் வேலை செய்யத் தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் அறிவுரை, ‘மேன் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்’ என்பதுதான். மேன் (man) பக்கம் என்பது ஒவ்வொரு கட்டளைக்கும் கணினியிலேயே இருக்கும் கையேட்டுப் பக்கம். அவரும் நம்பிக்கையோடு ‘மேன் டார்’ என்று தட்டுகிறார். திரை முழுவதும் எழுத்துகள் நிறைகின்றன. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாலும், தன்னிடம் இருக்கும் ஒரு சுருக்கக் கோப்பை எப்படிப் பிரிப்பது என்ற எளிய கேள்விக்கு விடை கண்ணில் படுவதில்லை. பத்து நிமிடத்தில் சலித்துப்போய் வெளியேற முயல்கிறார். வெளியேறும் வழியும் தெரியாததால் சாளரத்தையே மூடிவிடுகிறார். அதன்பிறகு மேன் பக்கத்தை அவர் நாடுவதே இல்லை.

இதில் அவர்மீது குற்றம் எதுவும் இல்லை. மேன் பக்கங்கள் பாடநூலாக எழுதப்பட்டவை அல்ல, அகராதியாக எழுதப்பட்டவை. ஒரு மொழியைக் கற்க வந்தவருக்கு அகராதியை மட்டும் கொடுத்தால் அவருக்குப் பேச வராது. ஆனால் ஓரளவு பேசத் தெரிந்தவருக்கு ஒரு சொல்லின் பொருளில் ஐயம் வந்தால், அகராதியைவிட நம்பகமான துணை வேறில்லை. எந்தக் கேள்வியை மேன் பக்கத்திடம் கொண்டுபோகலாம், எந்தக் கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது என்பதைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால், வேலையில் பாதி முடிந்துவிடும்.

தொடங்குமுன் ஒரு குறிப்பு. இக்கட்டுரையில் கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். பேரெழுத்து தேவைப்படும் இடத்தில் அதைத் தனியே சொல்கிறேன். கட்டளையின் நடத்தையை மாற்றுவதற்காக அதன் பின்னே சிறுகோட்டுடன் சேர்க்கும் எழுத்தையோ சொல்லையோ ‘தெரிவு’ என்று குறிப்பிடுகிறேன்.

திறப்பது, நகர்வது, மூடுவது

லினக்ஸிலோ மேக்ஓஎஸ்ஸிலோ, கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தைத் திறந்து ‘மேன்’ என்ற சொல்லையும், ஓர் இடைவெளி விட்டு, நீங்கள் அறிய விரும்பும் கட்டளையின் பெயரையும் தட்டுங்கள். ‘மேன் எல்எஸ்’ என்று தட்டினால், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் பக்கம் திறக்கும். பக்கத்தைத் திரையில் காட்டுவது பெரும்பாலும் லெஸ் என்ற வேறொரு நிரல். ஆகவே இங்கே கற்கும் விசைகள் மற்ற இடங்களிலும் பயன்படும்.

இடைவெளி விசை அடுத்த திரைக்குக் கொண்டுபோகும். பி (b) எழுத்து முந்தைய திரைக்குக் கொண்டுவரும். சிறிய ஜி பக்கத்தின் தலைக்கும், பெரிய ஜி அடிக்கும் செல்லும். கியூ எழுத்து மூடும். இந்தக் கடைசி விசையை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வெளியேறத் தெரிந்தவருக்கு உள்ளே போகத் தயக்கம் இருக்காது.

எல்லாவற்றிலும் முக்கியமானது தேடல். சாய்கோட்டை (/) அழுத்தி ஒரு சொல்லைத் தட்டி என்டர் கொடுத்தால், அந்தச் சொல் வரும் அடுத்த இடத்துக்குப் போகலாம். சிறிய என் (n) அதற்கடுத்த இடத்துக்கும், பெரிய என் (N) முந்தைய இடத்துக்கும் கொண்டுசெல்லும். ஆனால் ‘-ஆர்’ போன்ற ஒரு தெரிவை இப்படித் தேடினால் ஒரு தொல்லை உண்டு. அதே எழுத்துச்சேர்க்கை சொற்களின் நடுவிலும் நீண்ட தெரிவுகளின் உள்ளேயும் பலமுறை வருவதால், விளக்கம் உள்ள இடத்துக்குப் போய்ச்சேர வெகுநேரம் ஆகும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. சாய்கோட்டுக்குப் பின் கூரைக்குறி (^), ஓர் இடைவெளி, நட்சத்திரக்குறி (*) ஆகியவற்றை இதே வரிசையில் தட்டி, அதன்பின் தெரிவை எழுதுங்கள்: ‘/^ *-ஆர்’. வரியின் தொடக்கத்தில், இடைவெளிகளுக்குப் பிறகு இந்தத் தெரிவு வரும் இடத்தை மட்டும் காட்டு என்பது இதன் பொருள். தெரிவுகளின் விளக்கம் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும் என்பதால், ஒன்றிரண்டு தாவலில் வேண்டிய இடத்தை அடைந்துவிடலாம். மேன் பக்கத்தோடு எனக்கு நட்பு ஏற்பட்டதே இந்த ஒரு தந்திரத்தைக் கற்ற பிறகுதான்.

பக்கத்தின் அமைப்பு

மேன் பக்கங்களின் வடிவம் மிகப் பழையது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் நிரலாளர் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 ஆம் தேதியிட்டது. பெயர், சுருக்க வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், மேலும் காண்க, பிழைகள் என்ற தலைப்புகள் அதிலேயே இருந்தன. இன்று நீங்கள் திறக்கும் பக்கத்திலும் ஏறக்குறைய அதே தலைப்புகளைக் காணலாம். தன் கருவியில் உள்ள குறைகளைத் தன் கையேட்டிலேயே ‘பக்ஸ்’ என்ற தலைப்பில் எழுதிவைக்கும் அந்த நேர்மை, இந்த மரபில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று. அதே வேளையில், அந்தக் கையேட்டை முதலில் படித்தவர்கள் அந்த அமைப்பை உருவாக்கியவர்களும் அவர்களோடு பணியாற்றியவர்களும்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவர்களுக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. நினைவூட்டல் போதுமானதாக இருந்தது. இன்றைய புதியவர் தடுமாறுவதற்கான காரணம் இந்தத் தோற்றத்திலேயே இருக்கிறது.

‘நேம்’ பகுதியில் கட்டளையின் பெயரும் அது என்ன செய்கிறது என்ற ஒற்றை வரி விளக்கமும் இருக்கும். அதற்கடுத்த ‘சினாப்சிஸ்’ பகுதியைப் புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது குறியீடுகளாலான ஏதோ சூத்திரம்போலத் தோன்றுவதே காரணம். உண்மையில் முழுப் பக்கத்திலும் மிகச் செறிவான பகுதி அதுதான். சதுர அடைப்புக்குள் இருப்பதை விட்டுவிடலாம், அது கட்டாயமில்லை. மூன்று புள்ளிகள் இருந்தால், அதற்கு முன்னுள்ளதைப் பலமுறை தரலாம். செங்குத்துக் கோடு இருந்தால், அதன் இருபுறமும் உள்ளவற்றில் ஒன்றைத்தான் தரலாம். தடித்த எழுத்தில் இருப்பதை உள்ளது உள்ளபடியே தட்ட வேண்டும்; அடிக்கோடிட்டோ சாய்வாகவோ இருப்பதற்குப் பதிலாக உங்கள் கோப்பின் பெயரையோ எண்ணையோ இட வேண்டும்.

இதைக் கோப்பை நகலெடுக்கும் சிபி கட்டளையில் பழகிப் பாருங்கள். லினக்ஸில் அதன் சினாப்சிஸ் பகுதியில் மூன்று வரிகள் இருக்கும். முதல் வரி, ஒரு மூலத்தையும் ஓர் இலக்கையும் தரச் சொல்கிறது. இரண்டாம் வரியில் மூலத்துக்குப் பின் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. இறுதியில் இருப்பது கோப்புறை. அதாவது, எத்தனை கோப்புகளை வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் நகலெடுக்கலாம், ஆனால் அப்போது கடைசியாக எழுதுவது கோப்புறையாகத்தான் இருக்க வேண்டும். மூன்றாம் வரி, கோப்புறையை முன்னால் எழுத விரும்புவோருக்கு ‘-டி’ (-t) என்ற தெரிவைக் காட்டுகிறது. மூன்று வரிகளில் ஒரு கட்டளையின் இலக்கணம் முழுவதும் அடங்கிவிட்டது.

அடுத்துவரும் விளக்கத்தையும் தெரிவுகளையும் தொடக்கம் முதல் இறுதிவரை படிக்க முயல வேண்டாம். தேடி, வேண்டியதைப் படித்து, நகர்ந்துவிடுங்கள். ஆனால் பக்கத்தின் அடிப்பகுதியை ஒருமுறையாவது பாருங்கள். கட்டளை முடிந்தபின் அது திருப்பித்தரும் எண்ணின் பொருள் அங்கேதான் இருக்கும். எடுத்துக்காட்டாக, கிரெப் கட்டளை தேடிய வரி கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, பிழை நேர்ந்தால் 2 என்று தருகிறது. ‘கிடைக்கவில்லை’ என்பதும் ‘படிக்கவே முடியவில்லை’ என்பதும் ஒன்றல்ல. சிறு நிரல்கள் எழுதத் தொடங்கும் நாளில் இந்த வேறுபாடு பெரிதும் உதவும்.

பெயருக்குப் பின்னே வரும் எண்

மேன் பக்கங்களில் கட்டளையின் பெயருக்குப் பின்னே அடைப்புக்குறிக்குள் ஓர் எண் நிற்பதைக் காண்பீர்கள். அது பகுதி எண். பயனர் கட்டளைகள் 1 ஆம் பகுதியில் உள்ளன; 2 கருநிரலின் அழைப்புகளுக்கு உரியது; 3 நிரல் நூலகங்களின் செயற்கூறுகளுக்கு, 4 சாதனக் கோப்புகளுக்கு, 5 கோப்புகளின் வடிவமைப்புக்கு, 6 விளையாட்டுகளுக்கு, 7 பொதுவான செய்திகளுக்கு, 8 நிர்வாகக் கட்டளைகளுக்கு உரியவை. ஒரே பெயரில் இரண்டு பகுதிகளில் பக்கங்கள் இருக்கலாம். எண்ணைக் குறிப்பிடாவிட்டால், முதலில் அகப்படும் பக்கத்தையே மேன் காட்டும்.

இதை அறியாததால் நான் பட்ட பாட்டைச் சொல்வது பயன் தரும். குறித்த நேரத்தில் தானாக ஒரு வேலையைச் செய்விக்கக் கிரான்டேப் (crontab) என்ற கருவி இருக்கிறது. ‘மேன் கிரான்டேப்’ என்று தட்டினால் 1 ஆம் பகுதியின் பக்கம் வரும்; அட்டவணையைத் திருத்துவது, பட்டியலிடுவது, நீக்குவது ஆகியவை அதில் இருக்கும். ஆனால் அட்டவணையின் ஒரு வரியை எப்படி எழுதுவது, எந்த இடத்தில் நிமிடம், எந்த இடத்தில் மணி என்ற செய்தி அதில் இராது. அது ‘மேன் 5 கிரான்டேப்’ என்ற பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தின் அடியில் உள்ள ‘மேலும் காண்க’ பகுதி அதைச் சுட்டவும் செய்கிறது. எண்ணின் பொருள் தெரியாத நான், நான் ஏற்கெனவே படித்த அதே பக்கத்தைத்தான் அது சுட்டுகிறது என்று எண்ணி விட்டுவிட்டேன்.

அந்நாளில் ஒவ்வோர் இரவும் ஒரு கோப்புறையின் காப்புப்படி எடுத்து, அதன் பெயரில் அன்றைய தேதியைச் சேர்க்கும் வரி ஒன்றை எழுதியிருந்தேன். முனையத்தில் தட்டினால் சரியாக வேலை செய்த அதே வரி, கிரான்டேப்பில் இட்டால் எதையும் உருவாக்கவில்லை. இரண்டு நாள் தேடியபின் 5 ஆம் பகுதியின் பக்கத்தைத் திறந்தேன். கட்டளையில் வரும் விழுக்காட்டுக்குறியை (%), அதற்கு முன் பின்சாய்கோடு இல்லையென்றால், புதிய வரியாக மாற்றிவிடுவோம் என்று அங்கே ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தது. தேதியை அமைக்க நான் பயன்படுத்தியது அந்தக் குறியைத்தான். அதே பக்கத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது: மாதத்தின் நாள், வாரத்தின் நாள் என்ற இரண்டு இடங்களையும் நிரப்பினால், இரண்டும் பொருந்தும் நாளில் மட்டுமல்ல, ஏதேனும் ஒன்று பொருந்தும் நாளிலெல்லாம் வேலை நடக்கும். ‘13 ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தால் மட்டும்’ என்று எண்ணி எழுதுபவருக்கு, ஒவ்வொரு 13 ஆம் தேதியும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை நடக்கும். இத்தகைய நுட்பத்தை ஊகித்து அறிய முடியாது. படித்துத்தான் அறிய வேண்டும். மேன் பக்கத்தின் பெருமையும் குறையும் இந்த ஓர் அனுபவத்தில் எனக்கு ஒருசேரத் தெரிந்தன. விடை முழுமையாகவும் துல்லியமாகவும் இருந்தது. ஆனால் தேவைப்பட்டவன் சென்றடையும் இடத்தில் அது இல்லை.

கட்டளையின் பெயரே தெரியாதபோது

இதுவரை சொன்னதெல்லாம் கட்டளையின் பெயரை அறிந்தவருக்கு. பெயர் தெரியாதபோது ‘மேன் -கே’ என்று தட்டி, அதன்பின் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தாருங்கள். பெயர்களிலும் ஒற்றை வரி விளக்கங்களிலும் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் எல்லாம் பட்டியலாக வரும். பட்டியல் நீண்டுவிட்டால், லினக்ஸில் ‘-எஸ் 1’ என்பதையும் சேர்த்துப் பயனர் கட்டளைகளை மட்டும் பெறலாம். எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தியே எந்தச் சொல்லுக்கும் வந்தால், தேடலுக்கான அட்டவணை இன்னும் உருவாகவில்லை என்று பொருள். நிர்வாகி உரிமையோடு ‘மேன்டிபி’ (mandb) கட்டளையை ஒருமுறை இயக்கினால் சரியாகிவிடும். பெரிய கே எழுத்தைத் தந்தால் பக்கங்களின் முழு உரையிலும் தேடும். அது மெதுவாகவே நடக்கும்.

இந்தத் தேடலின் வரம்பை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் நினைக்கும் சொல்லும் பக்கத்தை எழுதியவர் தேர்ந்த சொல்லும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அது பயன் தரும். கோப்பின் பெயரை மாற்ற விரும்புபவர் ‘பெயர்மாற்று’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடினால், எம்வி கட்டளையும் அகப்படும்; அதன் ஒற்றை வரி விளக்கத்தில் அந்தச் சொல் இருப்பது நல்வாய்ப்பு. எல்லாக் கட்டளைக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை. பல கட்டளைகளை இணைத்துச் செய்யும் வேலைக்கோ இந்தத் தேடல் உதவவே உதவாது, ஏனெனில் மேன் பக்கம் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகவே விளக்குகிறது.

பக்கம் இல்லாதபோது

சில நேரம் பக்கமே இல்லை என்ற செய்தி வரும். அதற்குக் காரணங்கள் பல.

கோப்புறை மாற்றும் சிடி போன்றவை தனி நிரல்கள் அல்ல. நீங்கள் தட்டுவதை வாங்கிச் செயல்படுத்தும் ஷெல்லின் உள்ளேயே இருப்பவை. ‘டைப் சிடி’ என்று தட்டினால், அது ஷெல்லின் உட்கட்டளை என்று தெரிந்துவிடும். உங்கள் ஷெல் பாஷ் என்றால், ‘ஹெல்ப் சிடி’ என்று தட்டி விளக்கத்தைப் பெறலாம். மேக்ஓஎஸ்ஸில் 2019 முதல் இயல்பாக வரும் ஷெல்லான இசட்ஷெல்லில் அந்த வழி கிடையாது. அதன் உட்கட்டளைகளுக்கு ‘இசட்எஸ்எச்பில்டின்ஸ்’ என்ற தனி மேன் பக்கம் இருக்கிறது.

ஒரு நிரலை அதற்கு வேண்டியவற்றோடு தனியே கட்டிவைத்து இயக்கும் கன்டெய்னர்களில் வேலை செய்பவர்களுக்கு வேறொரு காரணம். இடத்தைக் குறைப்பதற்காக அவற்றில் கையேடுகளையே நீக்கிவிடுகிறார்கள். உபுண்டுவின் சிறுவடிவத்தில் மேன் கட்டளையை இயக்கினால், இந்த அமைப்பு சுருக்கப்பட்டது என்று அதுவே சொல்லி, ‘அன்மினிமைஸ்’ என்ற கட்டளையைக் காட்டும். ஆல்பைன் லினக்ஸில் ஒவ்வொரு நிரலின் ஆவணமும் தனிப் பொதியாக, அதாவது தனியே நிறுவ வேண்டிய தொகுப்பாக வருகிறது. டெபியனில் 2, 3 ஆம் பகுதிகளின் பக்கங்கள் வேண்டுமானால், நிரலாளர்களுக்கான கையேட்டுப் பொதியைத் தனியே நிறுவ வேண்டும்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் (git) போன்று உள்கட்டளைகள் நிறைந்த கருவிகளில் ஒவ்வோர் உள்கட்டளைக்கும் தனிப் பக்கம் உண்டு. ‘கிட் ஹெல்ப் கமிட்’ என்றோ, சிறுகோட்டால் இணைத்து ‘மேன் கிட்-கமிட்’ என்றோ தட்டலாம். அதோடு ‘கிட் ஹெல்ப் -ஜி’ என்று தட்டினால், கருத்துகளை விளக்கும் வழிகாட்டிகளின் பட்டியல் வரும். அதில் உள்ள ‘கிட்எவ்ரிடே’ என்ற பக்கம் அன்றாடம் தேவைப்படும் கட்டளைகளை மட்டும் எடுத்து, அவற்றை யார் எப்போது பயன்படுத்துவார்கள் என்ற முறையில் தொகுத்திருக்கிறது. மற்ற கருவிகளை எழுதுவோரும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் விருப்பம்.

விரைவாக நினைவூட்டிக்கொள்ள, கட்டளையின் பின்னே ‘--ஹெல்ப்’ என்று சேர்த்துப் பார்க்கலாம். பெரும்பாலான கருவிகள் ஒரு சுருக்கத்தைக் காட்டும். ஆனால் அதைக் குறுக்கி ‘-எச்’ என்று மட்டும் தட்டுவதில் எச்சரிக்கை தேவை. எல்எஸ் கட்டளையில் அந்த எழுத்து கோப்பின் அளவை எளிதில் படிக்கும் வடிவில் காட்டச் சொல்வது. கிரெப்பில் கோப்பின் பெயரைக் காட்டாதே என்பது. ஷட்டவுன் கட்டளையில் கணினியை நிறுத்து என்பது. உதவி கேட்பதாக எண்ணி, பலர் பயன்படுத்தும் ஒரு சர்வரை நிறுத்திவிடக்கூடாது.

விண்டோஸின் பவர்ஷெல்லில் மேன் பக்கத்தின் இடத்தில் ‘கெட்-ஹெல்ப்’ இருக்கிறது. அதோடு ‘-எக்ஸாம்பிள்ஸ்’ என்று சேர்த்தால் எடுத்துக்காட்டுகளை மட்டும் காட்டும். பவர்ஷெல் 3.0 முதல் முழு உதவிக் கோப்புகள் நிறுவலோடு வருவதில்லை. ‘அப்டேட்-ஹெல்ப்’ கட்டளையை இயக்கி அவற்றைப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் கிடைத்த ஒரு கட்டளையைச் சரிபார்த்தல்

மேன் பக்கத்தின் மிகச் சிறந்த பயன் எது என்று கேட்டால், பிறர் எழுதித்தந்த கட்டளையை இயக்குமுன் சரிபார்ப்பதே என்பேன். ஒரு கோப்புறையை மற்றொன்றில் நகலெடுக்க ‘ஆர்சிங்க் -ஏவி --டிலீட் மூலம்/ இலக்கு/’ என்ற வரி உங்களுக்குக் கிடைத்திருப்பதாகக் கொள்வோம். அதை அப்படியே ஒட்டி என்டர் தட்டாமல், முதலில் ‘மேன் ஆர்சிங்க்’ (man rsync) என்று திறங்கள்.

முதலில் ‘-ஏ’ தெரிவைத் தேடுங்கள். அது தனித் தெரிவு அன்று, பல தெரிவுகளைச் சேர்த்த ஒரு தொகுப்பு என்று பக்கம் சொல்கிறது. உட்கோப்புறைகள், அனுமதிகள், நேரங்கள் முதலியவற்றைக் காக்கும் அந்தத் தொகுப்பில் எவை சேரவில்லை என்பதும் அங்கேயே இருக்கிறது: ஒரே கோப்பைச் சுட்டும் பல பெயர்களாகிய வன் இணைப்புகளும், விரிவுபடுத்திய அனுமதிப் பட்டியல்களும் அதில் அடங்காது. ‘எல்லாவற்றையும் அப்படியே நகலெடுக்கும்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழு உண்மையன்று என்பது இங்கே தெளிவாகிறது. ‘-வி’ நடப்பதை விரிவாகக் காட்டச் சொல்வது, அதனால் தீங்கில்லை.

அடுத்து ‘--டிலீட்’. இந்தப் பக்கத்தில் தெரிவுகளின் சுருக்கப் பட்டியல் முன்னேயும் விரிவான விளக்கம் பின்னேயும் இருப்பதால், முதல் தாவலில் ஒரு வரிச் செய்திதான் கிடைக்கும். என் (n) எழுத்தை அழுத்தித் தொடர்ந்து போனால் முழு விளக்கத்தை அடையலாம். மூலத்தில் இல்லாத கோப்புகளை இலக்கிலிருந்து இது நீக்கிவிடும், தவறாகப் பயன்படுத்தினால் ஆபத்தானது, எனவே முதலில் ‘-என்’ (-n) என்ற ஒத்திகைத் தெரிவோடு இயக்கி எவை நீக்கப்படும் என்று பாருங்கள் என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். மூலத்தையும் இலக்கையும் மாற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்; இந்த ஒரு பத்தியைப் படித்தவர் தன் கோப்புகளை இழக்க மாட்டார்.

இறுதியாக, மூலத்தின் பெயருக்குப் பின்னுள்ள சாய்கோடு. அது இருந்தால் கோப்புறையின் உள்ளடக்கம் மட்டும் நகலாகும். இல்லையென்றால் கோப்புறையே இலக்கின் உள்ளே உருவாகி, ஓர் அடுக்கு கூடுதலாகிவிடும். இந்தச் செய்தி தெரிவுகளின் பகுதியில் இல்லை. பக்கத்தின் முற்பகுதியில், பயன்பாட்டு விளக்கத்தின் நடுவில் இருக்கிறது. தெரிவுகளை மட்டும் தேடிப் படிப்பவர் இதைத் தவறவிடுவார். ஆகவே நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் கருவிகளின் பக்கத்தில், தெரிவுகளின் பட்டியல் தொடங்கும்வரை உள்ளதை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

ஏன் இணையத்தில் தேடினால் போதாது

தேடுபொறி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. முதல் விடை, பதிப்பு. உங்கள் கணினியில் உள்ள மேன் பக்கம், அதே கணினியில் நிறுவப்பட்டிருக்கும் நிரலோடு வந்தது. எஸ்இடி (sed) கட்டளை கோப்பை நேரடியாகத் திருத்தும் ‘-ஐ’ தெரிவை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் உள்ள குனு வடிவத்தில், பழைய கோப்பின் காப்புப்படிக்கான பின்னொட்டை அதனோடு தராமலும் இருக்கலாம். மேக்ஓஎஸ்ஸில் உள்ள பிஎஸ்டி வடிவத்தில் பின்னொட்டு கட்டாயம். வேண்டாமென்றால் வெற்று மேற்கோள்குறிகளையாவது தர வேண்டும். லினக்ஸுக்காக எழுதப்பட்ட வரியை மேக்ஓஎஸ்ஸில் ஒட்டியவருக்குப் புரியாத பிழைச்செய்தி வருவது இதனால்தான். இணையத்தில் விடை எழுதியவர் எந்தக் கணினியில் எழுதினார் என்று நமக்குத் தெரியாது. நம் மேன் பக்கம் நம் கணினியைப் பற்றியே பேசுகிறது.

இரண்டாவது, இணைப்பு இல்லாத இடத்திலும் அது இருக்கும். வலையமைப்பே பழுதாகி, அதைச் சரிசெய்யத்தான் நீங்கள் முனையத்தின் முன் அமர்ந்திருக்கிறீர்கள் என்றால் இதன் அருமை புரியும். மூன்றாவது, யாரும் கேட்க நினைக்காத சிறு சிக்கலுக்கும் அதில் விடை இருக்கக்கூடும். சிறுகோட்டில் தொடங்கும் பெயருடைய கோப்பை நீக்க முயன்றால், ஆர்எம் கட்டளை அதைத் தெரிவு என்று எடுத்துக்கொண்டு மறுத்துவிடும். அந்தப் பெயருக்கு முன் இரட்டைச் சிறுகோட்டை இட வேண்டும் அல்லது பெயரை ‘./’ என்று தொடங்க வேண்டும் என்ற விடை, ஆர்எம்மின் மேன் பக்கத்திலேயே எடுத்துக்காட்டோடு இருக்கிறது.

குறைகளும் அவற்றை ஈடுசெய்யும் வழிகளும்

முதன்மையான குறை, எடுத்துக்காட்டுகளின் பற்றாக்குறை. எல்எஸ் பக்கத்தில் தெரிவுகள் அகரவரிசையில் நிற்கின்றன; நாள்தோறும் தேவைப்படுவதும், பல ஆண்டுகளில் ஒருமுறை தேவைப்படுவதும் ஒரே அளவு இடத்தைப் பெறுகின்றன. எதிலிருந்து தொடங்குவது என்ற புதியவரின் கேள்விக்கு அகரவரிசை விடை சொல்லாது. இதை ஈடுசெய்ய டிஎல்டிஆர் என்ற திட்டம் இருக்கிறது. அதை நிறுவிக்கொண்டு ‘டிஎல்டிஆர் டார்’ என்று தட்டினால், அடிக்கடி செய்யும் வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எடுத்துக்காட்டு வரும். எடுத்துக்காட்டை அங்கே எடுத்து, அதில் வரும் ஒவ்வொரு தெரிவையும் மேன் பக்கத்தில் சரிபார்ப்பதே நான் புதியவர்களுக்குச் சொல்லும் முறை. சில பொதிகள் ‘/யுஎஸ்ஆர்/ஷேர்/டாக்’ கோப்புறையின் கீழ் எடுத்துக்காட்டுக் கோப்புகளையும் வைத்திருக்கின்றன, அங்கேயும் பார்க்கலாம்.

இரண்டாவது குறை, எச்சரிக்கைகள் உரிய இடத்தில் இல்லாதது. கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையில் ‘-டிலீட்’ என்பதை நிபந்தனைகளுக்கு முன்னால் எழுதிவிட்டால், தொடக்கக் கோப்புறையின் கீழுள்ள அனைத்தையும் அது நீக்க முயலும். குனு ஃபைண்டின் பக்கம் இதை எச்சரிக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கை நீண்ட பக்கத்தின் ஆழத்தில் இருக்கிறது. அந்தத் தெரிவின் விளக்கம் வரை போகிறவர்தான் அதைக் காண்பார். நீக்கும், மேலெழுதும் தன்மையுள்ள எந்தத் தெரிவையும், அதன் முழு விளக்கத்தைப் படிக்காமல் இயக்குவதில்லை என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கலைச்சொல். வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையின் வரிசை எதிர்பார்த்ததுபோல் அமையவில்லை என்று ஒருவர் குழம்புகிறார். ‘லொகேல்’ என்ற மொழி, இட அமைப்பு வரிசையைப் பாதிக்கும், பைட் மதிப்பின்படியான பழைய வரிசை வேண்டுமானால் ‘எல்சி_ஆல்’ (முழுதும் பேரெழுத்தில், LC_ALL) மாறியின் மதிப்பைப் பெரிய சி என்று வையுங்கள் என்று குனு சார்ட்டின் பக்கம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சொல்லின் பொருளே தெரியாதவருக்கு, அது தன் சிக்கலுக்கான விடை என்று எப்படித் தெரியும்? பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் இந்தச் சுமை நமக்கு இரட்டிப்பாகிறது. புரியாத சொல்லைக் குறித்துவைத்து, முதலில் 7 ஆம் பகுதியில் தேடுங்கள். லொகேல், சிக்னல் போன்ற கருத்துகளுக்கு அங்கே தனிப் பக்கங்கள் உண்டு.

நான்காவது, சில பக்கங்கள் முழுக் கையேடே அல்ல. எல்எஸ், சிபி, சார்ட் முதலிய குனு கருவிகளின் மேன் பக்கங்கள், அவற்றின் ‘--ஹெல்ப்’ வெளியீட்டிலிருந்து தானாக உருவாக்கப்படுபவை. விரிவான விளக்கம் ‘இன்ஃபோ’ என்ற வேறொரு அமைப்பில் இருக்கிறது. மேன் பக்கத்தின் அடியில் அதைத் திறக்கும் வரியே கொடுக்கப்பட்டிருக்கும். இன்ஃபோவில் என் (n) எழுத்து அடுத்த அலகுக்கும், பி (p) முந்தையதற்கும், யு மேலுள்ளதற்கும் கொண்டுபோகும். ஐ எழுத்தை அழுத்திப் பொருளடைவில் தேடலாம். உள்ளடக்கத்தில் இன்ஃபோ சிறந்தது. ஆனாலும் ஒரே கணினியில் இரண்டு வகைக் கையேடுகள், இரண்டு வகை விசைகள் என்பது புதியவரைத் தேவையின்றி அலைக்கழிக்கிறது என்றே கருதுகிறேன். இதற்கு மாறாக ஓபன்பிஎஸ்டி அமைப்பில் மேன் பக்கத்தையே முழுக் கையேடாகப் பேணுகிறார்கள். ஆவணத்தில் உள்ள பிழையையும் நிரலில் உள்ள பிழைக்கு இணையாக நடத்துகிறார்கள். நன்றாக எழுதப்பட்ட மேன் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர், அந்த அமைப்பின் பக்கங்கள் சிலவற்றைப் படித்துப் பார்க்கலாம்.

ஒரு பக்கத்தில் சொல்லியிருப்பதும் நிரல் உண்மையில் செய்வதும் வேறுபடுவதைக் கண்டால், முதலில் பக்கத்தின் அடியில் உள்ள தேதியையும் பதிப்பு எண்ணையும், ‘--வெர்ஷன்’ தெரிவு காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். எண்கள் வேறுபட்டால் ‘மேன் -டபிள்யூ’ என்று தட்டி, அந்தப் பக்கம் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அதே நிரலின் இரண்டு பதிப்புகள் நிறுவப்பட்டு, பழையதன் பக்கம் திறந்திருக்கலாம். எண்கள் ஒத்துப்போயும் வேறுபாடு இருந்தால், பிழையைத் தெரிவிக்க வேண்டிய முகவரி பல பக்கங்களின் இறுதியிலேயே இருக்கும். நீங்கள் தட்டிய கட்டளை, எதிர்பார்த்தது, கிடைத்தது ஆகிய மூன்றையும் எழுதி அந்த முகவரிக்கு அனுப்புங்கள்.